அவன் மைனர், அப்பா?

கேள்வி: என் மகனுக்கு இப்போது 19 வயது. 16 வயதில், கூடப் படித்த பெண்ணின் அந்தரங்கப் படத்தை நண்பர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். விஷயம் தெரிந்த அன்று ராத்திரியே அவன் அப்பா போனில் இருந்ததை எல்லாம் அழித்துவிட்டார், நாங்களும் கண்டித்து வைத்தோம். இப்போது அந்தப் பெண் போலீஸில் புகார் கொடுத்திருக்கிறாள். அப்போது மைனர்தானே, கேஸ் நிற்காது இல்லையா? அவள் வீட்டில் பேசிப் பார்க்கலாமா?

பதில்: "மைனர்தானே" என்று முடியும் கடிதம் எனக்குப் புதிதில்லை. பெரும்பாலான நாடுகளில் சம்பவம் நடந்த அன்றைய வயதைத்தான் பார்ப்பார்கள், அதனால் வழக்கு சிறார் நடைமுறையில் போக வாய்ப்பு உண்டு. அதற்காகச் செய்தது இல்லை என்று ஆகிவிடாது. குற்றப் பொறுப்பு தொடங்கும் வயது இங்கிலாந்தில் 10, ஜெர்மனியில் 14. 1989-ல் வந்த ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, தப்பு செய்த பிள்ளையைக் கண்ணியமாக நடத்தச் சொல்கிறது. அடுத்தவர் உரிமையை மதிக்கும் எண்ணம் அவனுக்குள் வலுப்பட வேண்டும் என்றும் அதே இடத்தில் சொல்கிறது. உங்கள் வீட்டில் இந்த இரண்டாவது பாதி நடந்ததா?

ஏன் கேட்கிறேன் என்றால், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அப்பா போனை அழித்தார் என்று. அவருக்கு அப்போது 16 வயது இல்லையே! பிள்ளையைக் காப்பாற்ற ஆதாரத்தை அழிப்பது அநேக நாடுகளில் தனிக் குற்றம், அதற்கு வயதுச் சலுகையும் கிடையாது. அதைவிட எனக்கு ஆறாதது வேறு. அந்த ராத்திரி படம் எத்தனை போன்களில் கிடந்ததோ, நீங்கள் துடைத்தது ஒன்றைத்தான். குரூப்பில் இருந்த மற்ற பையன்களின் வீடுகளுக்கு ஒரு போன் போட்டீர்களா? அந்தப் பெண்ணைப் பெற்றவர்களிடம் "இப்படி நடந்துவிட்டது" என்று சொன்னீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. தப்பு செய்தால் தடயத்தை அழிக்க வேண்டும் என்பதைத்தான் பெற்றவர்கள் நடுராத்திரியில் பாடமாக நடத்தியிருக்கிறீர்கள், இதற்குப் பெயர் கண்டிப்பா?

சரி, இனி ஆக வேண்டியதைப் பாருங்கள். நல்ல வக்கீலைப் பிடித்து, போனை அழித்ததையும் சேர்த்து ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். 18 தாண்டிய பிறகு அந்தப் படத்தை அவன் வைத்திருந்தானா, யாருக்காவது அனுப்பினானா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அது மேஜர் செய்த குற்றம், மைனர் பேச்சு அங்கே எடுபடாது. இருந்தால் மறுபடியும் எதையும் அழிக்காதீர்கள், வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.

அவள் வீட்டுக்குச் சமரசத்துக்குப் போகாதீர்கள், ஆளும் அனுப்பாதீர்கள். புகார் கொடுத்தவளை மிரட்டினார்கள் என்றுதான் அது முடியும். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவனுக்கே தோன்றினால் வக்கீல் வழியாகக் கேட்கட்டும். அவளுக்கு இஷ்டமிருந்தால் வாங்கிக்கொள்வாள்.