வெளிநாட்டிலிருந்து வரும் ஹெட்லைற்றை இலங்கையில் பூட்டலாமா? நாட்டுக்கு நாடு விளக்கு விதி ஏன் மாறுகிறது?

பூட்டலாம், ஆனால் முதலில் கண்ணாடியில் அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்க்காமல் பூட்டி ஊரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

வீட்டில் அப்பா காலத்து மொறிஸ் மைனர் ஒன்று நிற்கிறது. அதன் முன்விளக்குகள் மங்கிப்போகவே, ஜேர்மனியில் இருக்கும் சித்தப்பா ஏழு அங்குல வட்ட விளக்கு ஒரு சோடி அனுப்பினார். அளவு அச்சொட்டாகப் பொருந்தியது. அன்றிரவே சாவகச்சேரிக்கு வெளிக்கிட்டேன். நாவற்குழிப் பாலம் தாண்டுவதற்குள் எதிரே வந்த அத்தனை பேரும் லைற்றை அடித்து அடித்துக் காட்டினார்கள். டிம்மில்தானே ஓடுகிறேன், இவர்களுக்கு என்ன வந்தது என்று எனக்குக் கோபம்.

மறுநாள் கராச்சில் காரைச் சுவருக்கு நேரே நிறுத்திப் பார்த்தபோது விளங்கியது. டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. ஓரத்தில் நடப்பவரும் பெயர்ப்பலகையும் தெரியவேண்டும் என்பதற்காக வீதியோரப் பக்கம் மட்டும் சரிந்து மேலேறும். ஜேர்மனியில் வலப்பக்கம் ஓடுவதால் அது வலப்பக்கம் ஏறுகிறது. இங்கே அதே வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணுக்குள் போகிறது. அந்த விளக்கில் வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் 1 என்ற எண்ணும் இருந்தன. ஜேர்மனி அனுமதித்தது என்று பொருள். அம்புக்குறி இல்லை. அப்படியென்றால் அது வலப்பக்கம் ஓடும் நாடுகளுக்கே உரியது. முன்னால் நின்று பார்க்கும்போது அம்பு நம் வலக்கைப் பக்கம் காட்டினால் இலங்கைக்குச் சரி.

சுவீடன் 1967 செப்டெம்பர் 3 அன்று இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியபோது வாகனங்களின் முன்விளக்குகளையும் மாற்றவேண்டியிருந்தது. அங்கும் அப்போது பெரும்பாலும் மலிவான வட்ட விளக்குகள்தான் என்பதால் தப்பினார்கள்.

பகலில் விளக்கு எரிவதற்குக் காரணம் வேறு. வடக்கே குளிர்காலச் சூரியன் அடிவானத்தை விட்டு அதிகம் எழும்பாது. சுவீடன் 1977இலேயே அதைக் கட்டாயமாக்கியது. கனடா 1990 முதல் புதிய வாகனங்களுக்கு. ஆனால் வெயில் கொளுத்தும் இந்தியாவும் 2017 ஏப்ரலிலிருந்து புதிய மோட்டார் சைக்கிள்களில் விளக்கு எப்போதும் எரியவேண்டும் என்கிறது. மற்றவர் கண்ணில் படுவதுதான் அங்கே நோக்கம்.

எனக்கு ஏறாதது அமெரிக்க விதி. அங்கே பின் சிக்னல் சிவப்பாகவும் இருக்கலாம். பிரேக் பிடிக்கிறாரா, திரும்புகிறாரா என்று பின்னால் வருபவர் ஊகிக்கவேண்டும். ஐரோப்பாவில் செம்மஞ்சள் கட்டாயம்.

ஜப்பானியரும் இடப்பக்கமே ஓடுவதால் அங்கிருந்து வரும் கார்களுக்கு வெளிச்சத் தொல்லை இல்லை. சித்தப்பாவின் சோடி அலுமாரிக்கு மேல் இருக்கிறது. அவருக்கு இன்னும் சொல்லவில்லை.