வீட்டுக்கு எந்த பிளாக், கூரைக்கு எந்த பிளாக்? மைன்கிராஃப்ட் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, சதுர பிளாக்குகளை அடுக்கிக் கட்டும் கணினி விளையாட்டான மைன்கிராஃப்டின் வீடுகளைப் பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம். பிளாக்குகளின் பெயர்களை விளையாட்டில் உள்ளபடியே தந்திருக்கிறோம்.

கேள்வி: ஓக் பலகையில் சுவர், நான்கு மூலையிலும் காபிள்ஸ்டோன் தூண், மேலே ஓக் ஸ்டேர்ஸில் (படி வடிவ பிளாக்) கூரை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கின்றன. வீடாகப் பார்த்தால் மட்டும் ஏன் சப்பென்று இருக்கிறது?

உங்கள் வீட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, போனில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். தூண் எது, சுவர் எது, கூரை எது என்று தெரியாது. ஓக் பலகை பழுப்பு, காபிள்ஸ்டோன் சாம்பல். நிறம் வேறானாலும் வெளிச்ச அளவில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பத்தடி தள்ளி நின்று பார்க்கிற கண்ணுக்கு முதலில் படுவது நிறமல்ல, வெளிறலும் கருமையும்தான். செங்கல் கூரையையும் ஸ்டோன் பிரிக்ஸ் சுவரையும் சேர்ப்பவர்களுக்கும் இதே சிக்கல்தான்.

இரண்டாவது, சொரசொரப்பு. ஒரு பிளாக்கின் ஒரு முகத்தில் இருப்பது 16க்கு 16 புள்ளிகள். காபிள்ஸ்டோன், கிராவல், டயோரைட் போன்றவற்றில் அந்தப் புள்ளிகள் பக்கத்துக்குப் பக்கம் மாறிக்கொண்டே இருக்கும். கான்கிரீட், ஸ்மூத் குவார்ட்ஸ், டெரகோட்டா ஆகியவற்றில் மாற்றம் கண்ணுக்கே தெரியாது. பலகைகளும் ஸ்டோன் பிரிக்ஸும் நடுவில் வரும். சொரசொரப்பான இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எங்கே பார்ப்பது என்றே தெரியாது. அடித்தளம் சொரசொரப்பாக இருந்தால் சுவர் அமைதியாக இருக்க வேண்டும்.

ஆகவே பிளாக்கைத் தேடுவதற்கு முன் வேலையைப் பிரியுங்கள். அடித்தளம், சுவர், மரச்சட்டம், கூரை என்று நான்கு வேலைகள். எங்கள் பரிந்துரை: அடித்தளத்துக்கு ஸ்டோன் பிரிக்ஸ், சுவருக்கு வெளிறிய ஒன்று (வெள்ளை டெரகோட்டா, பர்ச் பலகை, கால்சைட், இவற்றில் ஏதாவது ஒன்று), சட்டத்துக்கு ஸ்ப்ரூஸ் மரத்தண்டு, கூரைக்கு டார்க் ஓக் அல்லது டீப்ஸ்லேட் டைல்ஸ். ஐந்தாவதாக ஒரு பிளாக் வேண்டுமானால் அது ஜன்னல் கதவு, பூந்தொட்டி அளவுக்கு மட்டும் வரட்டும். ஆறாவது வேண்டாம்.

ஓக் பலகைதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் அதையே சுவரில் விட்டுவிட்டு, கூரையை டார்க் ஓக்குக்கும் தூணை ஸ்ப்ரூஸ் தண்டுக்கும் மாற்றுங்கள். பாதிக் குறை அதிலேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதி பிளாக்கில் இல்லை, ஆழத்தில் இருக்கிறது. தூண் வெளியே நிற்க, சுவர் ஒரு பிளாக் உள்ளே தள்ளி இருக்க வேண்டும். அப்போதுதான் சுவரில் நிழல் விழும். எவ்வளவு நல்ல பிளாக்காக இருந்தாலும் ஒரே தளத்தில் தட்டையாக அடுக்கினால் சுவரொட்டி ஒட்டியதுபோலத்தான் தெரியும்.

கேள்வி: சர்வைவலில் (பொருளை நாமே தேடிச் சேர்த்து ஆடும் முறை) கட்டுகிறேன். நீங்கள் சொல்கிற மாதிரி ஒரு சின்ன வீட்டுக்கு மொத்தம் எவ்வளவு பொருள் சேர்க்க வேண்டும்? பாதியில் கல் தீர்ந்துபோய் அலைவதே வேலையாக இருக்கிறது.

வெளிச்சட்டம் 9க்கு 11 என்று வைத்துக்கொள்வோம். சுவர் ஒன்று உள்ளே தள்ளி 7க்கு 9. உள்ளே புழங்க 5க்கு 7 கிடைக்கும். அகலம் ஒற்றைப்படையாக இருப்பது முக்கியம். இரட்டைப்படையானால் கூரையின் உச்சி ஒற்றை வரிசையில் சேராது.

அடித்தளம் வெளிச்சுற்றில் ஒரு வரிசை, 36 ஸ்டோன் பிரிக்ஸ். காபிள்ஸ்டோனை உலையில் சுட்டால் ஸ்டோன், அதிலிருந்து ஸ்டோன் பிரிக்ஸ். ஒரு நிலக்கரி 8 சுடும் என்பதால் 5 நிலக்கரி போதும். தூண்கள் மூலைக்கு ஒன்றும் நீளப் பக்கங்களின் நடுவில் ஒவ்வொன்றுமாக 6, உயரம் 3. அவற்றின் தலையில் சுற்றிலும் உத்திரம், 36. ஆக மரத்தண்டு 54. உத்திரத் தண்டுகளைப் படுக்கைவாட்டில் வையுங்கள். நிற்கவைத்தால் கோடுகள் குறுக்கே ஓடி அசிங்கமாகத் தெரியும்.

சுவர் 28 பிளாக் சுற்றளவு, 4 உயரம், 112. நீளப் பக்கங்களில் தூண்களுக்கு இடையே 2க்கு 2 அளவில் நான்கு ஜன்னல்கள், முன்னால் ஒரு கதவு. இவற்றைக் கழித்தால் 94. முன்னும் பின்னும் கூரைக்குக் கீழே வரும் முக்கோணத்துக்குப் பக்கத்துக்கு 16 வீதம் 32 சேர்த்தால் 126. ஜன்னலுக்கு முழுக் கண்ணாடி வேண்டாம், பேன் (மெல்லிய கண்ணாடித் தகடு) போதும். 6 கண்ணாடியில் 16 பேன் வரும், சரியாக நான்கு ஜன்னலுக்கு ஆயிற்று. பேன் பிளாக்கின் நடுவில் நிற்பதால் ஜன்னலுக்கும் ஆழம் கிடைக்கிறது.

கூரையை எல்லாப் பக்கமும் ஒரு பிளாக் வெளியே நீட்டினால் 11க்கு 13. சரிவுக்கு 5 வரிசை வீதம் இரண்டு சரிவு, வரிசைக்கு 13, மொத்தம் 130 ஸ்டேர்ஸ். உச்சிக்கு 13 ஸ்லாப் (அரை உயர பிளாக்). இங்கேதான் பலருக்குக் கணக்கு தவறுகிறது. க்ராஃப்டிங் டேபிளில் 6 பிளாக் போட்டால் 4 ஸ்டேர்ஸ்தான் வரும். மரக்கூரைக்கு வேறு வழியும் இல்லை: 198 பலகை ஸ்டேர்ஸுக்கு, 9 பலகை ஸ்லாபுக்கு, ஒரு தண்டில் 4 பலகை வீதம் ஆக 52 தண்டு. டீப்ஸ்லேட் கூரையானால் ஸ்டோன்கட்டரில் (கல் வெட்டும் கருவி) ஒன்றுக்கு ஒன்று கிடைக்கும், ஸ்லாப் ஒன்றுக்கு இரண்டு. காபிள்ட் டீப்ஸ்லேட்டை அப்படியே போட்டு டைல் ஸ்டேர்ஸாக எடுக்கலாம், 137 போதும். ஸ்டோன்கட்டருக்கு ஆகும் செலவு ஓர் இரும்புக் கட்டியும் 3 ஸ்டோனும்தான். அது இல்லாமல் கல்வீடு கட்ட உட்காராதீர்கள்.

கேள்வி: வெள்ளை வீடு கட்ட ஆசை. குவார்ட்ஸ் கட்டுப்படியாகவில்லை. வெள்ளை டெரகோட்டா போட்டால் ரோஸ் நிறமாக இருக்கிறது!

பெயரில்தான் வெள்ளை. அது சுண்ணாம்பு பழுத்த நிறம். மரச்சட்டத்தோடு அழகாகச் சேரும், பளிச்சென்ற வெள்ளைக்கு உதவாது. மேலே சொன்ன வீட்டின் 126 சுவர் பிளாக்குகளுக்குக் குவார்ட்ஸ் என்றால் பிளாக்குக்கு 4 வீதம் 504 நெதர் குவார்ட்ஸ். அதே சுவருக்கு வெள்ளைக் கான்கிரீட் என்றால் 64 மணல், 64 கிராவல், 16 வெள்ளைச் சாயம். 4 மணல், 4 கிராவல், 1 சாயம் சேர்த்தால் 8 கான்கிரீட் பவுடர் வரும் என்பதால் 128 கிடைத்துவிடும். சாயத்துக்கு எலும்புத்தூள் போதும், ஓர் எலும்பில் 3 வரும்.

பவுடரை அப்படியே சுவரில் வைக்காதீர்கள். மணல்போலக் கீழே விழும். தண்ணீர் தொடும் இடத்தில் வைத்துக் கெட்டியாக்கி, பிக்காக்ஸால் உடைத்து எடுங்கள். கையால் உடைத்தால் ஒன்றும் கிடைக்காது. கான்கிரீட்டுக்கு ஸ்டேர்ஸும் ஸ்லாபும் கிடையாது. படிக்கும் விளிம்புக்கும் மட்டும் ஸ்மூத் குவார்ட்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் லேசாக நீலம் கலந்த வெள்ளை, குவார்ட்ஸ் லேசாக மஞ்சள் கலந்த வெள்ளை. பெரிய பரப்பில் இரண்டையும் கலந்தால் ஒன்று அழுக்காகத் தெரியும். விளிம்பளவில் உறுத்தாது.

கேள்வி: அண்ணா, நான் எட்டாம் வகுப்பு. வீடியோவில் கல் சுவரில் நாலைந்து பிளாக் கலக்கிறார்கள், சூப்பராக இருக்கிறது. நான் கலந்தால் அம்மைத் தழும்பு மாதிரி இருக்கிறது.

டயோரைட் கலந்திருப்பாய் தம்பி. ஸ்டோன் பிரிக்ஸைவிட அது மிகவும் வெளிறியது, எங்கே வைத்தாலும் புள்ளியாகத் தெரியும். கலக்கிற பிளாக்குகள் வெளிச்சத்தில் நெருக்கமாக இருக்க வேண்டும். ஸ்டோன் பிரிக்ஸோடு ஆண்டிசைட், ஸ்டோன், விரிசல் விழுந்த ஸ்டோன் பிரிக்ஸ், பாசி பிடித்த ஸ்டோன் பிரிக்ஸ். இவை போதும்.

பத்தில் ஏழு ஸ்டோன் பிரிக்ஸாகவே இருக்கட்டும். மற்றவற்றை ஒன்றுவிட்டு ஒன்று வைக்காமல் இரண்டு மூன்றாகச் சேர்த்துத் திட்டுத் திட்டாக வை. திட்டுகளின் அளவு ஒன்றுபோல இருக்கக் கூடாது. பாசி தரையை ஒட்டி, விரிசல் மூலைகளில். ஜன்னலைச் சுற்றி ஒரு வரிசை சுத்தமாக விடு. ஸ்டோன் பிரிக்ஸை இன்னொரு முறை உலையில் சுட்டால் விரிசல் வரும். கொடி அல்லது பாசி பிளாக் ஒன்றோடு சேர்த்தால் பாசி பிடித்தது வரும். உயரமான சுவரானால் கீழே காபிள்ட் டீப்ஸ்லேட், அதற்கு மேல் டஃப், அதற்கும் மேல் ஆண்டிசைட் என்று இருளிலிருந்து வெளிச்சத்துக்கு ஏற்று. இரண்டு பிளாக் சந்திக்கும் இடத்தில் நேர்கோடு விழாமல் ஒன்றை ஒன்றுக்குள் நுழைத்துவிடு.

கேள்வி: தாமிரக் கூரை போட்டேன். இப்போது பாதி ஆரஞ்சு, பாதி பச்சை. மழை பட்டதாலா?

மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தாமிரம் தானாக நான்கு நிலைகளில் பச்சையாகும். ஒவ்வொரு பிளாக்கும் தனித்தனியாக, தற்செயலாக மாறுவதால்தான் இடையில் திட்டுத் திட்டாக நிற்கிறது. கோடரியால் ஒருமுறை சுரண்டினால் ஒரு நிலை பின்னால் போகும். நிறத்தை நிறுத்தத் தேன்மெழுகு தடவ வேண்டும்.

மேலே சொன்ன கூரையின் 130 ஸ்டேர்ஸுக்கும் தனித்தனியாக மெழுகு தடவினால் 130 தேன்கூடு செலவு. அப்படிச் செய்யாதீர்கள். முழுத் தாமிர பிளாக்காக இருக்கும்போதே வேண்டிய நிறம் வரும்வரை வெளியே வைத்திருந்து, அந்த நிலையில் மெழுகு தடவி, பிறகு ஸ்டோன்கட்டரில் வெட்டுங்கள். ஒரு பிளாக்கில் 4 ஸ்டேர்ஸ் வரும். 33 பிளாக், 33 தேன்கூடு, 297 தாமிரக் கட்டியோடு வேலை முடிந்துவிடும். பச்சைக் கூரைக்குக் கீழே டார்க் ஓக்கும் கால்சைட்டும் பொருந்தும். செங்கல் சுவர் வேண்டாம்.

கேள்வி: அடுப்பு வைத்தேன், வீடே எரிந்துவிட்டது.

நெதர்ராக்கில் (அணையாமல் எரியும் கல்) நெருப்பு மூட்டினாலும் எரிமலைக் குழம்பு வைத்தாலும் பக்கத்துப் பலகைக்குப் பரவும். கேம்ப்ஃபயர் பரவாது, அதை வையுங்கள். புகை உயரமாகப் போக வேண்டுமானால் கேம்ப்ஃபயரின் அடியில் வைக்கோல் கட்டு ஒன்று.

கேள்வி: எங்கள் ஊர் செட்டிநாட்டு வீடு மாதிரி கட்ட வேண்டும். ஓட்டுக் கூரைக்கு எந்த பிளாக்? ஸ்டேர்ஸ் வைத்தால் சர்ச் மாதிரி செங்குத்தாக நிற்கிறது.

ஸ்டேர்ஸ் கூரை 45 பாகை சரிவு. நம் ஓட்டுக் கூரை அவ்வளவு நிமிராது. ஸ்டேர்ஸை விட்டு ஸ்லாபுக்கு வாருங்கள். ஒரு வரிசை கீழ் ஸ்லாப், அடுத்த வரிசை மேல் ஸ்லாப், அதற்கடுத்தது ஒரு பிளாக் ஏறி மறுபடி கீழ் ஸ்லாப். இரண்டு பிளாக்குக்கு ஒரு பிளாக் ஏறுவதால் சரிவு 27 பாகைக்குள் அடங்கும், பார்த்ததும் ஓட்டு வீடு என்று தெரியும். மேல் ஸ்லாபின் மீது இருட்டில் அரக்கர்கள் முளைப்பார்கள், கூரையிலும் விளக்கு வேண்டும்.

நிறத்துக்கு ஒரே பிளாக் போதாது. செங்கல் ஸ்லாப் மட்டும் போட்டால் சாந்துக் கோடுகள் தூக்கலாகத் தெரிந்து சுவரைப் படுக்கவைத்ததுபோல ஆகும். செங்கல், மட் பிரிக்ஸ், மாங்குரோவ் பலகை மூன்றையும் கலந்து, உச்சியிலிருந்து தாழ்வாரம்வரை செங்குத்துப் பட்டைகளாக இறக்குங்கள். ஓடுகள் அப்படித்தான் வரிசையாக இறங்குகின்றன. மாங்குரோவ் நல்ல அடர் சிவப்பு, பத்தில் இரண்டுக்கு மேல் வேண்டாம். அகேசியா ஆரஞ்சைத் தவிர்த்துவிடலாம், நாட்டு ஓட்டின் பழுத்த நிறம் அதில் வராது.

சுவருக்குக் கால்சைட். மெல்லிய மேடு பள்ளம் தெரிவதால் சுண்ணாம்புப் பூச்சுக்குக் கான்கிரீட்டைவிட இதுவே நெருக்கம். அமெதிஸ்ட் ஜியோடுகளின் (நிலத்தடிப் படிகக் குகைகள்) ஓட்டில் கிடைக்கும். திண்ணை தரையிலிருந்து ஒரு பிளாக் உயரம், அதன்மேல் பாலிஷ்ட் கிரானைட். தூணுக்குப் பட்டை உரித்த டார்க் ஓக். மரத்தண்டைக் கோடரியால் தட்டினாலே பட்டை உரியும், பர்மா தேக்கின் கருமைக்கு அது போதும். தூணின் அடியில் பாலிஷ்ட் டீப்ஸ்லேட் ஒன்று, தலையில் இருபுறமும் தலைகீழாக வைத்த டார்க் ஓக் ஸ்டேர்ஸ்.

முற்றம் 5க்கு 5க்குக் குறையக் கூடாது. சுற்றுக் கூரை நான்கும் உள்பக்கம் சரிய வேண்டும். அதைவிடச் சிறியதாக விட்டால் தாழ்வாரங்கள் வெளிச்சத்தை மறைத்துக் கிணறுபோல ஆகிவிடும்.

ஆத்தங்குடித் தரைக்கு (கோலமிட்ட வண்ணத் தரை ஓடு) கிளேஸ்ட் டெரகோட்டா. சாயம் ஏற்றிய டெரகோட்டாவை உலையில் சுட்டால் கிடைக்கும். 2க்கு 2 கட்டத்தில் ஒவ்வொன்றை வைக்கும்போதும் நீங்கள் கால் வட்டம் திரும்பி நின்று வைத்தால்தான் நான்கும் சேர்ந்து ஒரு கோலம் ஆகும். ஒரே திசையில் நின்று வைத்தால் துண்டு துண்டாகத் தெரியும். மஜந்தா நிறத்தில் அம்புக்குறி வரும், சயானில் க்ரீப்பர் (விளையாட்டில் வரும் பச்சை அரக்கன்) முகம் இருக்கும். இரண்டும் கூடத்துக்கு ஆகாது. கூடம் முழுக்க நிரப்பாமல் நடுவில் 4க்கு 4 மட்டும் போட்டு, சுற்றிலும் பாலிஷ்ட் கிரானைட் விடுங்கள்.

கேள்வி: செர்ரி மரத்தோடு எது சேரும்?

வெளிறிய சுவர், கறுத்த சட்டம். கால்சைட்டும் டீப்ஸ்லேட் டைல்ஸும் நல்ல துணை. செர்ரிப் பலகையைக் கூரைக்கோ ஜன்னல் கதவுக்கோ வைத்துக்கொள்ளுங்கள். சுவர் முழுக்க வேண்டாம், செங்கல் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.