அழுது ஜெபித்தும் மனசு அடங்கவில்லையே?

கேள்வி: அப்பா இறந்தபோது அவர் பெயரில் வங்கியில் ஒரு வைப்புத்தொகை இருந்தது. நாமினி நான்தான். தம்பிக்குச் சொல்லாமல் முழுவதையும் நானே எடுத்துக்கொண்டேன். எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன, அவனுக்கு இன்றுவரை தெரியாது. ஜெபிக்கும்போதெல்லாம் அழுது மன்னிப்புக் கேட்கிறேன், மனசு அடங்கவில்லை. கர்த்தர் என்னை மன்னிக்கவில்லையா? மன்னிக்கவே படாத பாவம் என்கிறார்களே, அது இதுதானா?
– பெயர் வேண்டாம், ஒரு சகோதரி

பதில்: அன்புச் சகோதரி,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். அது இது இல்லை. இயேசு பிசாசுகளைத் துரத்தியதைக் கண்ணால் பார்த்தும் 'இது பிசாசுகளின் தலைவனான பெயெல்செபூலின் வேலை' என்று சாதித்தவர்களிடம் சொன்னது அந்த வார்த்தை (மத்தேயு 12). செய்த தப்பை நினைத்து அழுகிறவரைப் பயமுறுத்த அது சொல்லப்படவில்லை.

கர்த்தர் மன்னிப்பாரா என்பதிலும் சந்தேகம் வேண்டாம். பாவத்தை அறிக்கையிட்டால் மன்னிக்க அவர் உண்மையும் நீதியும் உள்ளவர் என்று 1 யோவான் 1:9 சொல்கிறது. அப்படியானால் மனசு ஏன் அடங்கவில்லை? உங்கள் கடிதத்தில் கர்த்தர் இருக்கிறார், கண்ணீர் இருக்கிறது. தம்பியோ ஏதும் அறியாதவராக ஓர் ஓரத்தில் நிற்கிறார். எனக்கு இடறுவது அங்கேதான்.

லேவியராகமம் 6-ஐ எடுத்து வாசியுங்கள். அயலானை ஏமாற்றி ஒன்றை வைத்துக்கொண்டவன், முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி உரியவனிடம் கொடுக்கவேண்டும். பலிக்கான ஆட்டுக்கடாவைப் பற்றிய பேச்சு அதன் பிறகுதான் வருகிறது. மலைப்பிரசங்கத்தில் இயேசு இன்னும் ஒரு படி மேலே போகிறார். உன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று பலிபீடத்தண்டையில் நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு, பிறகு வா என்கிறார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் (எண் 1459) அப்படித்தான்: பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்து பாவப்பொறுத்தல் பெற்றவரும் திருடியதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

'தேவரீர் ஒருவருக்கே விரோதமாகப் பாவஞ்செய்தேன்' என்று தாவீது 51-ம் சங்கீதத்தில் சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். சொன்னார்தான். ஆனால் தாவீது யாருடைய மனைவியை எடுத்துக்கொண்டு, யாரைச் சாகவும் வைத்தாரோ, அந்த உரியா, அவர் போய் நிற்பதற்கு உயிரோடு இல்லை. உங்கள் தம்பி இருக்கிறார்.

உடனே 'அப்போ மன்னிப்பைப் பணம் கொடுத்து வாங்குவதா?' என்ற கேள்வி வரும், சபைகளில் வழக்கமாக வருவதுதான். வரி வசூலித்துப் பணக்காரரான சகேயுவைப் பாருங்கள். இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறியிருந்தவரிடம் இயேசு கணக்குக் கேட்கவில்லை, உன் வீட்டில் தங்கவேண்டும் என்றார். அநியாயமாய் வாங்கினதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்ற பேச்சு அதற்கு அப்புறம்தான். கிருபை முந்திக்கொண்டது. அதை ஏற்றுக்கொண்டவரால், அடுத்தவன் பணத்தை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியவில்லை. உங்களுக்கும் அப்படித்தான். மனசு உறுத்துவதால் கர்த்தர் கைவிட்டுவிட்டார் என்று எண்ணாதீர்கள்.

தம்பியிடம் நேரில் பேசுங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம். எவ்வளவு தொகை, எந்தத் தேதியில் எடுத்தது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். 'அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது நான்தானே' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் 'நீர் தந்த ஸ்திரீ கொடுத்தாள், நான் புசித்தேன்' என்று ஆதாம் ஏதேனில் சொன்னதும் உண்மைதான். பழியைத் தள்ளிவிட உண்மையைப் போல வசதியான ஆள் வேறு கிடையாது.

அவர் கத்தலாம், பேச்சையே நிறுத்திவிடலாம். 'மன்னித்துவிட்டேன் என்று இப்போதே சொல்' என்று அவரை நெருக்காதீர்கள். கர்த்தர் மன்னித்துவிட்டாரே, நீ மன்னித்தால் என்ன என்று வசனம் காட்டுவது அதைவிட மோசம். உங்களுக்கு எட்டு ஆண்டுகள் பிடித்தன, அவருக்கும் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்.

மொத்தமாகத் தர வழியில்லை என்றால் தவணையாகத் தாருங்கள், எழுதிக் கையெழுத்துப் போட்டே கொடுங்கள். அந்த எட்டு ஆண்டு வட்டியையும் கணக்கில் சேருங்கள். திருமணமானவர் என்றால், தம்பியைப் பார்க்கப் போகும் முன் கணவரிடம் சொல்லிவிடுங்கள். அவருக்கும் இது தெரியாது என்றே நினைக்கிறேன்.