ஒற்றை ஃபின்: எந்த அளவு வாங்குவது?

கேள்வி: 9 அடி 6 அங்குல லாங்போர்டு (நீளமான அலைச்சறுக்குப் பலகை) ஒன்றைப் பழையதாக வாங்கினேன், அடியில் வால்பக்கம் பொருத்தும் துடுப்பு போன்ற ஃபின் இல்லை. டிசம்பரில் அலைச்சறுக்க மலேசியாவின் தேசாரு கடற்கரைக்குப் போகிறேன். எந்த அளவு சரிவரும்?
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: பலகை எத்தனை அடியோ ஃபின் ஏறக்குறைய அத்தனை அங்குலம் என்பது பொதுக் கணக்கு, அதனால் 9 அல்லது 9.5 அங்குலத்தில் தொடங்குங்கள். ஆனால் வடிவத்தைக் கட்டாயம் பாருங்கள். நுனிவரை அகலமாக நிமிர்ந்து நிற்கும் ஃபின் பலகையின் வாலை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், பலகையின் மூக்குவரை நடந்துபோகலாம். பின்னோக்கிச் சாய்ந்து நுனி மெலிந்தது நீண்ட வளைவுகளுக்கு நல்லது. கற்றுக்கொள்கிறீர்கள் என்றால் இரண்டுக்கும் நடுவிலானது போதும். அப்புறம், முதலில் பலகையின் அடியில் ஃபின் செருகும் பள்ளத்தின் நடுவில் பொருத்துங்கள். முன்னே தள்ளினால் எளிதாகத் திரும்பும், பின்னே தள்ளினால் ஆடாமல் நேராகப் போகும். ஃபினை இறுக்கும் திருகாணியும் அது பொருந்தும் சின்னத் தகடும் கூடுதலாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், மணலில் விழுந்தால் தேடி எடுக்க முடியாது.