செல் பச்சையாக ஒளிர்கிறது, மருந்து மட்டும் வேலை செய்யவில்லை

கேள்வி: எம்.ஃபார்ம் இறுதியாண்டு மாணவி. எஸ்ஐஆர்என்ஏவை (குறிப்பிட்ட புரதம் உருவாவதைத் தடுக்கும் சிறு ஆர்என்ஏ) லிப்பிட் என்ற கொழுப்பால் ஆன நானோ துகளில் அடைத்து, டைஓ என்ற பச்சைச் சாயமும் சேர்த்து, ஹெப்ஜி2 என்ற கல்லீரல் புற்றுச் செல்களுக்குக் கொடுத்தேன். 24 மணி நேரத்தில் எல்லாச் செல்களும் பச்சையாக ஒளிர்கின்றன. ஆனால் வெஸ்டர்ன் பிளாட் என்ற புரதச் சோதனையில் புரதம் துளியும் குறையவில்லை. டோஸை இரட்டிப்பாக்கலாமா?

பதில்: வேண்டாம். டோஸைக் கூட்டினால் செல்கள் சாகும். சாகிற செல்லிலும் புரதம் குறையும், நீங்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்வீர்கள்.

முதலில் அந்தப் பச்சையை நம்பாதீர்கள். டைஓ லிப்பிட்டில் கரைந்திருக்கிறது, மருந்தோடு ஒட்டியில்லை. துகளை விட்டு நழுவி நேராகச் செல் சவ்வுக்கே அது போய்விடலாம். ஒரு செல் தட்டை மட்டும் 4 டிகிரியில் வைத்துப் பாருங்கள். அந்தக் குளிரில் செல் விழுங்குவது ஏறக்குறைய நின்றுவிடும். அப்போதும் பளிச்சென்று இருந்தால் துகள் மேலே ஒட்டியிருக்கிறது, அல்லது சாயம் மட்டும் இடம் மாறியிருக்கிறது. அடுத்த முறை எஸ்ஐஆர்என்ஏவிலேயே சை5 சாயத்தைக் கோத்துவிடுங்கள்.

சரி, துகள் உண்மையாகவே உள்ளே போனது என்றே வைத்துக்கொள்வோம். செல் தன் சவ்வை உள்மடித்து விழுங்கிய துகள் எண்டோசோம் என்ற பையில்தான் கிடக்கும். திண்ணையும் வீட்டைச் சேர்ந்ததுதான், ஆனால் அடுப்படிக்குப் போக இன்னொரு கதவு தாண்ட வேண்டும். எஸ்ஐஆர்என்ஏவுக்கு வேலை அந்தப் பைக்கு வெளியே, செல்லின் உட்கூழான சைட்டோபிளாசத்தில். பையின் பிஹெச் 7.4இலிருந்து 6க்கும் கீழே இறங்கி, கடைசியில் 5க்கும் குறைவான லைசோசோமில் முடியும். அங்கே நொதிகள் எல்லாவற்றையும் செரித்துவிடும். அதற்குள் தப்ப வேண்டும்.

தப்ப வைப்பது அயனியாகும் லிப்பிட். வெளியே மின்னூட்டமில்லாமல் இருப்பது, அமிலத்தில் நேர் மின்னூட்டம் பெற்று, பையின் சுவரிலுள்ள எதிர் மின்னூட்ட லிப்பிட்டுகளைப் பற்றி அடுக்கைக் குலைக்கும். கல்லீரல் செல்களுக்கு 6.2 முதல் 6.5 வரையிலான பிகேஏ (லிப்பிட்டில் பாதி மின்னூட்டம் பெறும் பிஹெச்) நன்றாக வேலை செய்திருக்கிறது. அப்படியும் தப்புவது சொற்பம்: 2013இல் வெளியான ஓர் ஆய்வில் 1 முதல் 2 சதவீதம்தான். அந்தச் சொற்பமே போதும் என்பதற்கு, 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பட்டிசிரான் என்ற எஸ்ஐஆர்என்ஏ லிப்பிட் துகள் மருந்து சாட்சி.

உங்கள் துகள் மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க, சை5 எஸ்ஐஆர்என்ஏவை லைசோட்ராக்கருடன் (அமிலப் பைகளை ஒளிரவைக்கும் சாயம்) சேர்த்து 1, 4, 24 மணி நேரத்தில் படமெடுங்கள். இரண்டும் கடைசிவரை ஒரே இடத்தில் இருந்தால் சிக்கல் அங்கேதான். அதைவிடத் தெளிவானது கேலக்டின்-9 என்ற புரதம்: பை உடையும் இடத்தில் புள்ளிபுள்ளியாகக் கூடும்.

ஆனால் நானாக இருந்தால் இதற்கெல்லாம் முன்னால் செய்வது வேறு. அதே எஸ்ஐஆர்என்ஏவைக் கடையில் கிடைக்கும் டிரான்ஸ்ஃபெக்‌ஷன் ரீஏஜென்ட்டில் (ஆர்என்ஏவைச் செல்லுக்குள் சேர்க்கும் கலவை) கொடுத்து, 24 மணி நேரத்தில் புரதத்தை விட்டுவிட்டு எம்ஆர்என்ஏவை (புரதம் செய்யச் சொல்லும் நகல், எஸ்ஐஆர்என்ஏ அழிப்பது இதைத்தான்) க்யூபிசிஆர் என்ற சோதனையில் அளப்பேன். சில புரதங்கள் நாள்கணக்கில் நீடிக்கும், எம்ஆர்என்ஏ குறைந்தாலும் பிளாட்டில் தெரியாது. எம்ஆர்என்ஏவும் குறையவில்லையா? அப்புறம் லிப்பிட்டைக் குற்றம் சொல்லாதீர்கள், எஸ்ஐஆர்என்ஏ வரிசையை மாற்றுங்கள்.