ஒரு சிறிய அச்சகத்தால் சுற்றுச்சூழலுக்காக உண்மையில் என்ன செய்ய முடியும்?

அச்சுத் தொழில் என்றாலே மரம் வெட்டுவதுதானே, இதில் சின்ன அச்சகக்காரர் எதை மாற்றிவிட முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஆஃப்செட் அச்சகம் நடத்துகிறேன். ஹெல்பராகச் சேர்ந்து மெஷின் துடைத்த நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் 24 வருடம். கொலுசு டப்பா, ஜவ்வரிசி லேபிள், மாம்பழப் பெட்டி, ஏற்காட்டு காபித்தூள் கவர், கல்யாணப் பத்திரிகை எல்லாம் போடுகிறோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் மரம். நாங்கள் வாங்கும் மேப்லித்தோ (பளபளப்புப் பூச்சு இல்லாத அச்சுக் காகிதம்) எல்லாமே மரத்திலிருந்து வருவதில்லை. கரூர் காகிதபுரத்தில் இருக்கும் டி.என்.பி.எல். ஆலை 1980-களிலிருந்து கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாக வைத்துக் காகிதம் செய்கிறது. சர்க்கரை ஆலைக்காரர்கள் கொதிகலனில் எரித்துவந்த சக்கையை, அதற்கு ஈடாக எரிபொருள் கொடுத்து வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. மரக்கூழும் சேர்கிறதுதான். ஆனால் அச்சகத்துக்குள் வந்த காகிதம் வீணாவது நீங்கள் நினைப்பதை விடக் குறைவு, ஏனென்றால் கட்டிங்கில் விழும் துண்டுக்கும் விலை உண்டு, மூட்டை கட்டி வைத்தால் பழைய பேப்பர்காரர் வந்து எடை போட்டு எடுத்துப் போவார்.

பிளேட்டும் அப்படித்தான். அது அச்சிட வேண்டிய உருவைத் தாங்கும் மெல்லிய அலுமினியத் தகடு, ஜாப் முடிந்ததும் மை துடைத்து அடுக்கி வைத்தால் கிலோ கணக்கில் போய்விடும். இதைக் காசுக்காக மட்டும் சொல்லவில்லை. அலுமினியத்துக்கு பாக்சைட் வேண்டும், அதற்காக எங்கள் சேர்வராயன் மலையையே வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். பழைய தகட்டை உருக்க, தாதுவிலிருந்து புதிதாக எடுக்க ஆகும் ஆற்றலில் சுமார் 5 சதவீதம் போதும். பையன்கள் யாராவது கிழிந்த பிளேட்டைக் குப்பையில் போட்டால் எனக்கு அந்த மலைதான் கண்ணில் வரும்.

பிரச்சினை எல்லாம் விலை பெறாத கழிவில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு முறை நிறம் மாற்றும்போதும் மை தடவும் ரோலரையும், மையைக் காகிதத்துக்கு மாற்றும் ரப்பர் விரிப்பான பிளாங்கெட்டையும் கழுவ வேண்டும். நான் வேலை பழகிய இடத்தில் அதற்கு மண்ணெண்ணெய், அவசரம் என்றால் பெட்ரோல், அறையில் ஜன்னல் கிடையாது, சாயந்திரம் ஆனால் தலை கனக்கும், விரலிடுக்கில் தோல் உரியும், தொழில் என்றால் இப்படித்தான் என்று இருந்துவிட்டோம். துடைத்து நனைந்த பனியன் வேஸ்ட் துணி குப்பைத் தொட்டிக்குப் போகும். கழுவிய மிச்சமும், பிளேட்டில் உருவைத் தெரியவைக்கும் டெவலப்பர் திரவமும் பின்பக்கச் சாக்கடைக்குப் போகும். டெவலப்பர் கடுமையான காரம். பிலிம் இருந்த காலத்தில் பிலிமில் உருவை நிலைக்க வைக்கும் பிக்சர் (fixer) என்று இன்னொரு திரவம் இருந்தது, அதில் வெள்ளி கரைந்திருக்கும், அதனால் அதை வாங்க மட்டும் கேன் தூக்கிக்கொண்டு ஆள் வருவார். டெவலப்பரைக் கேட்டு ஒருத்தரும் வந்ததில்லை.

நான் தனியாக அச்சகம் போட்ட பிறகும் பல வருடம் அப்படியேதான் ஊற்றினேன். சேலத்துச் சாக்கடை போய்ச் சேருவது திருமணிமுத்தாற்றில். சேர்வராயன் மலையில் பிறந்து, ஊருக்குள் கறுத்து, நாமக்கல் மாவட்டத்து வயல்களைத் தாண்டி காவிரியில் கலக்கிற ஆறு. என் மாமனார் ஊர் அந்தக் கரையில்தான் இருக்கிறது. ஒரு பொங்கலுக்குப் போயிருந்தபோது கிணற்றடியில் நின்று, "இந்தத் தண்ணிய மாடு கூட வாய் வெக்க மாட்டேங்குதுங்க மாப்பிள்ளை" என்றார். அவர் சாயப்பட்டறைகளைத்தான் திட்டினார், அவர்கள் பங்கு பெரியதுதான், ஆனால் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

திரும்பி வந்ததும் பின்பக்கக் குழாயை சிமெண்ட் வைத்து அடைத்தேன். ஊற்ற இடமில்லை என்றால்தான் எவ்வளவு கழிவு சேருகிறது என்று தெரியும், இரண்டே வாரத்தில் கேன்கள் வரிசையாக நின்றன. அப்புறம்தான் குறைக்கும் வழியை யோசித்தோம். வெளிர் நிற ஜாப்பில் தொடங்கி அடர் நிறத்தில் முடிகிற மாதிரி நாளைத் திட்டமிட்டால் கழுவும் தடவைகள் நன்றாகக் குறைகின்றன. கேனிலிருந்து அப்படியே சாய்ப்பதை நிறுத்தி, அமுக்கினால் சொட்டும் பாட்டிலில் கழுவும் திரவத்தைக் கொடுத்தேன். பெட்ரோலை அடியோடு விட்டோம். எண்ணெய்த் துணிக்கு மூடி போட்ட தகர டிரம், இல்லாவிட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. தாவர எண்ணெய் மை வாங்குங்கள் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள், நல்லதுதான், ஆனால் அந்த மையைப் பெட்ரோல் ஊற்றிக் கழுவினால் பயன் பாதிக்கு மேல் போய்விடும்.

மைக் கழிவு, 2016-ல் வந்த அபாயகரமான கழிவு விதிகளின் பட்டியலில் இருக்கிறது. முறைப்படி அனுமதி பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும், ஆனால் மாதம் ஒரு டிரம் சேருகிற என் மாதிரி ஆட்களுக்குத் தனியாக வண்டி வராது. எங்கள் தெருவில் நாலு அச்சகக்காரர்கள் சேர்த்து வைத்து ஒன்றாக அனுப்புகிறோம். ஊருக்குப் பொதுவாக ஒரு சேகரிப்பு இடம் இருந்தால் இதைச் செய்ய நிறையப் பேர் தயாராக இருக்கிறார்கள், இது வரவே வேண்டும்.

வாடிக்கையாளர் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணப் பத்திரிகைக்கு லேமினேஷன் கேட்கிறார்கள். அது காகிதத்தின் மேல் பசையில் ஒட்டிய பிளாஸ்டிக் படலம், ஒட்டிய நிமிடத்தில் விலை பெறும் காகிதம் விலை பெறாத குப்பையாகிவிடும், பழைய பேப்பர்காரர் தள்ளி வைத்துவிடுவார். போன மாதம் ஒரு அம்மாவிடம் லேமினேஷன் போட்டது ஒன்று, வார்னிஷ் அடித்தது ஒன்று, இரண்டையும் கையில் கொடுத்து கிழித்துப் பாருங்கம்மா என்றேன். படலம் ஜவ்வு மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. "இது வேண்டாம் தம்பி, அதையே அடிச்சிடு" என்று வார்னிஷைக் காட்டினார்.

எண்ணிக்கையும் கவனியுங்கள். ஆஃப்செட்டில் பிளேட் செலவும் மெஷின் செட் பண்ணும் செலவும் 500-க்கும் 1,000-க்கும் ஒன்றுதான், அதனால் கூட 500 போடுவது மலிவாகத் தெரியும், மிஞ்சியது பரணில் கிடக்கும். நோட்டீஸுக்கு 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை) காகிதம் வேண்டியதில்லை, 70 போதும். ஏ4 அளவில் 10,000 பிரதிக்கு 6 கிலோவுக்கு மேல் காகிதம் மிச்சமாகும்.

நான் இன்னும் முடிக்காதது ஒன்று உண்டு. நாலு கலர் மெஷினில் பிளேட்டை நனைக்கும் தண்ணீர்த் தொட்டியில் சேர்க்கும் ஐ.பி.ஏ. (ஐசோபுரொப்பைல்) ஆல்கஹால் ஆவியாகி நாங்கள் மூச்சு விடும் காற்றில்தான் கலக்கிறது. முன்பு 12 சதவீதம் ஊற்றினோம், தொட்டியைக் குளிர வைத்து, பி.எச். (அமில-கார) அளவை தினமும் பார்த்து, இப்போது 8-ல் ஓடுகிறது. அதற்குக் கீழே இறக்கினால் அச்சில் அழுக்கு ஏறுகிறது. ரோலர் பழசாகி இறுகிவிட்டதுதான் காரணம் என்கிறார் எங்கள் மெஷின்மேன் அண்ணன். புது ரோலருக்குச் சொல்லியிருக்கிறேன், மாம்பழப் பெட்டி சீசன் முடிந்ததும் மாட்டி 5-ல் ஓட்டிப் பார்க்கப் போகிறோம்.