விழுந்த பற்களுக்குப் பதிலாகப் பல்செட் வைக்க நினைப்பவர்கள் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

பல்செட் என்பது ஈறின் மேல் உட்கார்ந்து, தினமும் கழற்றி மாட்டக்கூடிய செயற்கைப் பல் வரிசை. சில பற்கள் மட்டும் போயிருந்தால் மிச்சமுள்ள பற்களில் கொக்கி போட்டு நிற்கும் பகுதி செட் போதும். எல்லாம் போயிருந்தால் முழு செட்.

பலரும் நிறத்தையும் விலையையும்தான் முதலில் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது பிடிமானத்தை. மேல் செட் அண்ணம் முழுவதும் படிகிறது. ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகள் ஒட்டிக்கொள்வதுபோல, மெல்லிய உமிழ்நீர்ப் படலம் அதைப் பிடித்துக்கொள்கிறது. கீழே அந்த வசதி இல்லை. குறுகிய லாட வடிவ மேடுதான் இருக்கிறது, நாக்கு வேறு ஓயாமல் தள்ளுகிறது. அதனால்தான் 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு எலும்பில் பதித்த இரண்டு இம்ப்ளான்ட்கள் தாங்கும் செட்டையே முதல் தேர்வாகப் பரிந்துரைத்தார்கள். செலவு கூடும்தான், ஆனால் கீழ் செட்டோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு நானும் அதையே சொல்வேன்.

ஒருமுறை செய்தால் ஆயுளுக்கும் போதும் என்று நினைப்பது தவறு: வேர் இல்லாத தாடை எலும்பு மெல்லக் கரைந்துகொண்டே போவதால், நன்றாகப் பொருந்திய செட்டும் சில ஆண்டுகளில் தளரும், அடிப்பகுதியைப் புதிதாக அளவெடுத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.